ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி: இரண்டு நாள் பயிற்சியும் அதற்குப் பிறகும்

கணினி ஆய்வுகூடத்தில் கதிரை போதவில்லை. பக்கத்து மண்டபத்திலிருந்து பிளாஸ்டிக் கதிரைகளைத் தூக்கிவந்து போட்டோம். வெளியே மழை. யன்னலைத் திறந்தால் மூடுபனியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதால் எல்லாம் அடைத்திருந்தது. கொழும்பிலிருந்து வந்த வளவாளர் கெட்டிக்காரர், பொறுமைசாலியும்கூட. மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தில் பாடப்பக்கம் திறப்பது, விரிவுரைக் குறிப்பை ஏற்றுவது, ஒப்படை வாங்குவது, வினாடிவினா அமைப்பது என்று இரண்டு நாளும் ஒன்று விடாமல் காட்டினார். பத்து மணிக்குப் பட்டிஸும் பிளேன்டீயும், மதியம் சோற்றுப் பார்சல், கடைசியில் சான்றிதழும் குழுப்படமும். மதிப்பீட்டுப் படிவத்தில் ஏறக்குறைய எல்லோரும் 'மிக நன்று' என்ற கட்டத்தில் சரி போட்டுத் தந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து மூடுலின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். பாடப்பக்கங்கள் இருந்தன. பெரும்பாலானவற்றில் 'அறிவித்தல்கள்' என்ற ஒற்றை வரி மட்டும் கிடந்தது. அது புதுப் பக்கம் திறந்தவுடன் மூடுல் தானாகப் போட்டுக்கொள்ளும் வரி, யாரும் போட்டதல்ல. குறிப்புகள் ஏற்றியிருந்தது இளம் விரிவுரையாளர்கள் நாலைந்து பேர். அவர்களுக்கு அந்த வேலை பயிற்சிக்கு முன்பே தெரியும்.

இது மலையகத்தில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் நடந்தது. பெயர் வேண்டாம், இதில் வரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். நான் அங்கே கணினிப் போதனாசிரியர். அந்தப் பயிற்சியை ஒழுங்கு செய்தவன் நான். அது ஏன் பலிக்கவில்லை என்று முதலில் பிழையாக எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

முதல் அறிக்கை

"மூத்த விரிவுரையாளர்களிடம் தொழில்நுட்பம் பற்றிய தயக்கம் காணப்படுகிறது. ஆர்வமூட்டும் நிகழ்ச்சிகள் தேவை." இரண்டு பக்க அறிக்கையின் சாரம் இவ்வளவுதான். எல்லோருக்கும் பிடித்துப்போனது. தயக்கம் என்று சொல்லிவிட்டால் பயிற்சியில் பிழை இல்லை, வளவாளரில் பிழை இல்லை, ஒழுங்கு செய்த என்னிலும் பிழை இல்லை. அடுத்த வருடமும் அதே செயலமர்வைப் புதிய தலைப்போடு வைக்கலாம்.

ஆனால் அந்தக் காரணம் பிழை என்பதற்கான சாட்சி ஏற்கெனவே என் கண்முன் இருந்தது. 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது இதே மூத்தவர்களுக்கு யாரும் இரண்டு நாள் பயிற்சி வைக்கவில்லை. ஊரடங்கு. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு சூம் வசதியைத் திறந்துவிட்டது. தொலைபேசி நிறுவனங்கள் பல்கலைக்கழகச் சேவையகங்களுக்குப் போய்வரும் டேட்டாவுக்குக் காசு எடுக்கவில்லை. மகளிடமோ மருமகனிடமோ கேட்டு, ஒரு தடவை விழுந்து எழும்பி, சில வாரத்துக்குள் எல்லோரும் சூமில் விரிவுரை நடத்தினார்கள். அறுபதை எட்டியவர்களும்தான். தயங்குகிற ஆட்கள் செய்கிற வேலையா அது?

அப்போதைய சிக்கல் வேறு பக்கம் இருந்தது. லேர்னின் தலைமையகம் பேராதனையிலேயே, நம் மலைநாட்டின் வாசலிலேயே இருக்கிறது. ஆனால் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த எங்கள் மாணவி ஒருத்திக்கு, தேயிலை மலையில் முக்கால்வாசி ஏறினால்தான் இரண்டு கோடு சிக்னல். பதுளை மாவட்டத்தின் போஹிடியாவ கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் இணையம் தேடிப் பாறை ஏறிய படங்கள் 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தன. எங்களுக்கு அது புதினமாகத் தெரியவில்லை.

சூம் பிடித்துக்கொண்டது, மூடுல் பிடிக்கவில்லை. இந்த வித்தியாசம் ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சேரின் அறையில்

தமிழ் கற்பிக்கும் மூத்த விரிவுரையாளர் ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர், மலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். பயிற்சியின் இரண்டு நாளும் முன்வரிசையில் இருந்தவர், படிவத்தில் 'மிக நன்று' போட்டவர். அவருடைய பாடப்பக்கமும் வெறுமையாக இருந்தது. பிரிண்டர் திருத்தப் போன ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்ததும், "சேர், மூடுலில ஒண்டும் போடேல்லையே?" என்று அவருடைய பேச்சிலேயே கேட்டுவைத்தேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, "இதைக் கொஞ்சம் பாருங்கோ தம்பி" என்று ஒரு வேர்ட் கோப்பைத் திறந்தார். சங்க இலக்கியம் பற்றிய குறிப்பு, அழகான தமிழ், எண்பது பக்கத்துக்கு மேல். முதல் பந்தியைத் தெரிவுசெய்து, பிரதி எடுத்து, மூடுலின் பெட்டியில் ஒட்டினார். செய்த விதத்தில் ஒரு பிழையும் இல்லை. வளவாளர் சொன்ன வரிசை அப்படியே. ஆனால் பெட்டியில் விழுந்தது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகளின் குப்பை. தலைப்பில் 'தமிழ்' என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி.

"அண்டைக்கும் இதுதான் நடந்தது. பக்கத்தில என்ர ஸ்டூடண்டாயிருந்த பெடியன் இருந்தவன், இப்ப லெக்சரர். நான் ஏதோ பிழையா அமத்திப்போட்டன் எண்டு நினைச்சு மூடிப்போட்டன்."

அந்தப் பெடியன் ஆங்கிலத்தில் கற்பிப்பவர். அவருடைய கோப்புகள் அப்படியே ஏறின. வளவாளரின் மாதிரிக் கோப்புகளும் ஆங்கிலம். அந்த ஆய்வுகூடத்தில் தமிழில் ஒரு வரியாவது ஒட்டிப் பார்க்க வேண்டும் என்று தமிழனான எனக்கே தோன்றவில்லை.

பாமினி

வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்த கதைதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோட் என்ற பொதுத் தரம் வருமுன், தமிழைக் கணினியில் ஏற்றுவதற்கு எழுத்துரு செய்தவர்கள் ஒரு தந்திரம் பண்ணினார்கள். கணினிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். அந்த எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, உருவத்தை மட்டும் தமிழாக மாற்றினார்கள். பாமினி எழுத்துருவில் ஜே விசையை அமத்தினால் திரையில் 'த' தெரியும். கணினியின் நினைவில் இருப்பது இன்னமும் ஜேதான். எழுத்துரு என்ற சட்டை போட்டிருக்கும் வரை அது தமிழ், கழற்றினால் ஆங்கிலம். இலங்கையில் பத்திரிகை, அச்சகம், கந்தோர், பாடசாலை என்று எங்கும் பாமினி வேரோடியது.

யூனிகோட்டில் தமிழுக்குச் சொந்த எண்கள் உண்டு. 1991இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. இலங்கையில் தமிழ்க் கணிமைக்கான தரம் 1326 என்ற இலக்கத்தில் 2008இல் வந்தது, அதிலுள்ள விசைப்பலகை ரெங்கநாதன் அமைப்பு. ஆக, தரம் இருக்கிறது. கைப்பேசியில் இருப்பதும் யூனிகோட்தான், மூடுலில் இருப்பதும் அதுதான். இருபது வருட விரிவுரைக் குறிப்புகள் மட்டும் பாமினியில் கிடக்கின்றன.

சூம் ஏன் பிடித்துக்கொண்டது என்பது அந்தச் செவ்வாய்க்கிழமைதான் விளங்கியது. சூமில் வாயால் பேசினால் போதும், அங்கே எழுத்துரு குறுக்கே வராது. மூடுலில் எழுத வேண்டும்.

சேர் அதுவரை ஒரு வழி வைத்திருந்தார். கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். பிடிஎஃபுக்குள் எழுத்துருவும் சேர்ந்து போவதால் மாணவரின் போனில் ஒழுங்காகத் தெரியும். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, ஒரு வரியைப் பிரதி எடுக்க முடியாது, அவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன். அப்போது பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் படிப்பது என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மூலம். யூனிகோட் தமிழை அது வாசித்துவிடும், குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருந்தாலும் விளங்கும். சேரின் குறிப்பைத் திறந்தால் அது என்ன சொல்கிறது என்று ஒரு பக்கத்துக் காதுக்கருவியை என்னிடம் தந்தார். ஜே, கே, பி, ஓ. பக்கம் பக்கமாக அதுவேதான். மற்ற மாணவர் யாராவது வாசித்துக் காட்டினால்தான் அவருக்குப் பாடம்.

சேருக்கும் அதைக் கேட்கக் கொடுத்தேன். அரை நிமிடம் கேட்டுவிட்டு, கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எண்பது பக்கத்தையும் மாத்துவம்" என்றார்.

மாற்றுவது சொன்ன மாதிரி லேசாக இல்லை. இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன, ஒட்டினால் யூனிகோட் தரும். ஆனால் அவருடைய குறிப்பில் இடையிடையே ஆங்கிலச் சொற்கள், ஆண்டுகள், அடைப்புக்குறிகள். மாற்றிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று பிரிக்கத் தெரியாது. ஆங்கில நூற்பெயர்கள் எல்லாம் தமிழ்க் குழம்பாயின. கடைசியில், வேர்டின் தேடல் வசதியால் பாமினி எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் பிடித்துப் பிடித்து மாற்றினோம். ஒரு வாரம் முழுக்க, பின்னேரங்களில். தட்டச்சுக்கு ரெங்கநாதனையும் காட்டினேன், ஒலிப்பு முறையையும் காட்டினேன். இரண்டும் அவர் விரலுக்கு ஒத்துவரவில்லை. பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோட்டை எழுதித் தரும் என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன என்று காட்டினதும் முகம் மலர்ந்துவிட்டது. இருபது வருடம் பழகிய விரலை மாற்றச் சொல்லாமலே வேலை முடிந்தது. தரப்படுத்தலில் பிடிவாதமானவர்கள் என்னைக் கோபிக்கலாம். எனக்கு எண்பது பக்கம் பெரிது.

பட்டியலில் இல்லாத அக்கா

பயிற்சிக்கு வந்த அழைப்புக் கடிதம் 'கல்விசார் ஊழியர்களுக்கு' என்று இருந்தது. அதனால் முகாமைத்துவ உதவியாளரான அக்காவுக்கு அழைப்பு இல்லை. பண்டாரவளைக்காரி. புள்ளிப்பட்டியல் எல்லாம் கடைசியில் வந்து சேர்வது அவருடைய மேசைக்குத்தான். மூடுலில் யார் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், அதன் பலன் அனுபவிப்பது அவர்.

கல்விசாரா ஊழியருக்கு ஒரு கணினி வகுப்பு தனியாக நடந்திருந்தது. எக்செல்லில் பிவட் அட்டவணை, வண்ண வண்ண வரைபடம். "நல்லாத்தான் சொல்லிக்குடுத்தாங்க தம்பி. ஆனா எனக்குப் பூச்சியம் காணாமப் போகுது, அத யாரும் சொல்லல" என்றார்.

பூச்சியம் என்றது இதுதான். சில மாணவர் பதிவிலக்கங்கள் பூச்சியத்தில் தொடங்கும். மூடுலிலிருந்து இறக்கிய கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால், எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் நிற்கும் பூச்சியத்தைத் தின்றுவிடும். 3/12 என்று இருந்தால் திகதியாக்கிவிடும். பிறகு பதிவாளர் அலுவலகப் பட்டியலோடு பொருத்தினால் பாதி இலக்கங்கள் பொருந்தாது. அக்கா என்ன செய்தார்? ஒவ்வொரு முறையும் அச்செடுத்து, அடிமட்டம் வைத்து, கையால் சரிபார்த்தார். பரீட்சைப் புள்ளி வரும் வாரத்தில் இரவு ஏழு மணிக்கும் அவருடைய அறையில் லைட் எரியும். பண்டாரவளைக்குக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களும் உண்டு.

தீர்வு பத்து நிமிட வேலை. கோப்பைத் திறக்காமல், வெற்றுத் தாளுக்குள் இறக்குமதி செய்து, அந்த நிரலை 'உரை' என்று குறித்துவிட வேண்டும். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வெற்றிடத்தை ஒரு சூத்திரம் போட்டு நீக்க வேண்டும். அவ்வளவே. இரண்டு முறை நான் செய்து காட்டினேன், மூன்றாம் முறை அவர் செய்தார். ஓர் அட்டையில் படிகளைத் தமிழில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

அதன் பிறகுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. புள்ளியைத் தாளில் கொண்டுவரும் விரிவுரையாளர்களிடம் அக்கா, "சேர், மூடுல்ல போட்டுருங்களேன், எனக்கு அங்கருந்து எடுக்கிறது லேசு. வாங்க, காட்டித் தர்றேன்" என்று சொல்லத் தொடங்கினார். இரண்டு நாள் பயிற்சியும் சான்றிதழும் செய்யாததை, அக்கா மேசைக்கு முன்னால் கிடந்த ஒரு கதிரை செய்தது. அவரிடம் கேட்க யாருக்கும் வெட்கமில்லை. நான் போனால் 'கம்பியூட்டர் ஆள்', அவர் தங்களோடு வேலை செய்கிறவர்.

என்ன மாற்றினோம்

செயலமர்வை விட்டுவிடவில்லை, விடவும் முடியாது. நிதியும் படிவமும் அதைச் சுற்றித்தான் ஓடுகின்றன. தகுதிகாண் காலத்து விரிவுரையாளர் பதவி உறுதிப்பட வேண்டுமானால் உயர்கல்விக் கற்பித்தல் சான்றிதழ்ப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அது அவர்களுக்கு நல்லது. ஆனால் அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களுக்கும் கல்விசாரா ஊழியருக்கும் அப்படித் தொடர்ந்து கைகொடுக்கும் ஒழுங்கு பலவீனம். இருபதாம் வருடத்தில் இருப்பவருக்கு வருகிறது என்றால் ஒரு கடிதமும் பட்டிஸும்தான்.

ஆகவே ஆய்வுகூடத்துக்கு ஆட்களைக் கூப்பிடுவதைக் குறைத்து, நான் அறைகளுக்குப் போகத் தொடங்கினேன். செவ்வாய், வியாழன் பின்னேரம். மாதிரிக் கோப்பு கிடையாது, அவரவர் சொந்தக் கோப்புதான். ஒரு தடவைக்கு ஒரு வேலை. அடுத்த கிழமை மறுபடி போய் அவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது, கை வைக்காமல். கை வைக்காமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மவுஸைப் பிடுங்கி 'இதோ' என்று செய்துகொடுத்துவிட்டால் என் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும், ஆனால் அவர் எதையும் பழகியிருக்க மாட்டார்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. புரூஸ் ஜொய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் 1980களின் தொடக்கத்திலேயே ஆசிரியர் பயிற்சி பற்றி இதைச் சொல்லியிருக்கிறார்கள்: விளக்கமும் செய்துகாட்டலும் மட்டும் வகுப்பறைக்குப் போய்ச் சேராது, பக்கத்தில் நின்று வழிகாட்டினால்தான் பழக்கமாகும். அதற்கும் முன்பு, 1959இல் டொனால்ட் கேர்க்பற்றிக் பயிற்சியை நான்கு படியில் அளக்கச் சொன்னார். வந்தவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, அதனால் பலன் உண்டா? எங்கள் படிவம் முதற் படியை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடும். மூன்றாம் படிக்குப் படிவம் தேவையில்லை, மூடுலின் பதிவுகளே போதும். ஆனால் மூன்று மாதம் கழித்து யாராவது அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

நேரத்தையும் மாற்றினோம். வினாடிவினா அமைப்பதை ஆண்டுத் தொடக்கத்தில் காட்டினால், தேவைப்படும் மாதத்தில் மறந்திருக்கும். புள்ளி ஏற்றுவதைப் புள்ளி ஏற்றும் வாரத்துக்கு முதல் வாரம் காட்டினோம். மின்வெட்டு பதின்மூன்று மணி நேரம் வரை நீண்ட 2022ஐ மறக்காதவர்கள் நாங்கள். அதனால் கரண்ட் இல்லாமல், இணையம் இல்லாமல் எவ்வளவு செய்து வைக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னோம். ஒரு மணி நேர சூம் பதிவை அப்படியே ஏற்றுவதற்குப் பதிலாக, பத்து நிமிடக் குரல்பதிவும் இரண்டு பக்கக் குறிப்பும் போடலாம் என்று காட்டியபோது, மலை ஏறிச் சிக்னல் பிடித்த அந்த மாணவிதான் முதலில் நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினாள்.

பலிக்காதவை

வட்ஸ்அப் உதவிக் குழு. முதல் வாரம் கேள்விகள் வந்தன. இரண்டாம் வாரம் ரோஜாப்பூவும் 'காலை வணக்கம்' படங்களும் வந்தன. ஒரு மாதத்தில் யாருடைய கேள்வியும் கண்ணில் படாமல் பூக்களுக்குள் புதைந்தது. மூடிவிட்டோம்.

ஒருவர் கடைசி வரை வரவில்லை. நேரில் விரிவுரை, கையெழுத்துக் குறிப்பு, போட்டோகொப்பி. மாணவரிடம் கேட்டால், அவர் விரிவுரைதான் இருப்பதில் நல்லது என்கிறார்கள். அவரை விட்டுவிட்டேன். இன்னும் சிலர் பதவி உயர்வுக் கோப்புக்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்றபோது மட்டும் வருவார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். அதையும் குறை சொல்லி என்ன, முறை அப்படி.

பெரிய ஓட்டை என்னிடமே இருக்கிறது. அறை அறையாகப் போவது ஓர் ஆள் செய்யும் வேலை. நான் இரண்டு மாதம் சுகமில்லாமல் இருந்தபோது எல்லாம் நின்றது, அக்காவின் மேசையைத் தவிர. அதனால் இப்போது அழைப்புக் கடிதங்களில் 'கல்விசார்' என்ற சொல்லை எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு துறையிலும் அக்காவைப் போல ஒருவரைக் கண்டுபிடித்து, அவருக்கு அந்த நேரத்தை வேலை நேரமாகவே கணக்கெடுக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலாவதுக்குச் சம்மதம் கிடைத்தது. இரண்டாவது இன்னும் ஒரு குழுவின் பரிசீலனையில் இருக்கிறது.

சேரின் எண்பது பக்கம் முடிந்தது. அந்த மாணவர் அதை இப்போது தானே கேட்டுப் படிக்கிறார். போன கிழமை சேர் இன்னொரு கோப்பைக் காட்டினார். இலக்கணக் குறிப்பு, இதுவும் பாமினிதான், ஆனால் முழுக்க அட்டவணைகள். மாற்றியில் போட்டால் கட்டங்கள் எல்லாம் குலைந்துபோகின்றன. நிரல் நிரலாகத்தான் எடுக்க வேண்டும் போலிருக்கிறது. வியாழன் பின்னேரம் போகிறேன்.